கரடி செய்த மலைவண்டி

கல்லாங்காட்டில் ஒரு காட்டுப்பன்றிக் குடும்பம் இருந்தது. அப்பா, அம்மா, ஒன்பது குட்டிகள். அந்த ஆண்டு மழை பெய்யவில்லை. குட்டை வற்றிச் சேறானது. பிறகு சேறும் காய்ந்து வெடித்தது.

மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஓடையில் தண்ணீர் ஓடுவதாகக் காக்கைகள் சொல்லின. ஆனால் வழியெல்லாம் கல்லும் முள்ளும். பிறந்து இருபது நாளே ஆன குட்டிகள் அதில் எப்படி நடக்கும்?

பன்றிகள் தச்சுவேலை தெரிந்த கரடியிடம் போயின. கரடி பத்து நாள் உழைத்து ஒரு பெரிய வண்டி செய்தது. பன்றியைவிட உயரமான நான்கு சக்கரங்கள். சுற்றிலும் கருங்காலிப் பலகை. உள்ளே மூன்று வரிசை இருக்கைகள்.

"எந்தக் கல்லிலும் ஏறும், எந்தப் பள்ளத்திலும் இறங்கும்!" என்றது கரடி. ஒரு பாறாங்கல்லைத் தூக்கி வண்டியின் முகப்பில் ஓங்கிப் போட்டது. கல்தான் உடைந்தது!

"இது வண்டியில்லை, கோட்டை! கிளம்பலாம்!" என்று அப்பா பன்றி துள்ளியது.

வேடிக்கை பார்க்க வந்த கீரி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தது.

"கரடியண்ணே, இறக்கத்தில் வண்டி கைமீறி ஓடிப் பாறையில் மோதினால்?"

"பாறைக்குத்தான் ஆபத்து!"

"உள்ளே இருக்கும் குட்டிகளுக்கு?"

கரடிக்குக் கோபம் வந்தது. "என் வேலையையே சந்தேகப்படுகிறாயா?"

"ஒருமுறை மோதிப் பார்த்துவிடலாம் அண்ணே. குட்டிகளுக்குப் பதில் பழுத்த வெள்ளரிப்பழங்களை உட்கார வைப்போம்."

"புது வண்டியை யாராவது மோதுவார்களா?" என்று அப்பா பன்றி முணுமுணுத்தது. அம்மா பன்றி மணல்மேட்டில் வாடிக் கிடந்த கொடிகளில் தேடி ஒன்பது பழங்களை உருட்டிக்கொண்டு வந்தது.

பழங்களை ஏற்றி, வண்டியை மேட்டிலிருந்து தள்ளிவிட்டன. அது கீழே இருந்த பாறையில் படாரென்று மோதியது.

கரடி ஓடிப்போய் முகப்பைத் தடவியது. "பாருங்கள்! ஒரு கீறல்கூட இல்லை!"

அம்மா பன்றி உள்ளே எட்டிப் பார்த்தது. ஏழு பழங்கள் பலகையில் அடிபட்டுச் சிதறிக் கிடந்தன. விதையும் சாறும் இருக்கையெல்லாம் வழிந்தன.

"வண்டி முழுசாக இருக்கிறதே!" என்றது கரடி மறுபடியும்.

"நான் வண்டியையா பெற்றேன், அண்ணே?"

கரடி வண்டிக்குள் தலையை நீட்டியது. சிதறிய பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது.

"தப்பு என்னுடையதுதான், தங்கச்சி. வண்டி துளி அடிகூட வாங்கவில்லை. அத்தனை அடியையும் உள்ளே அனுப்பிவிட்டது."

மறுநாளே கரடி முகப்புப் பலகையைப் பிடுங்கி எறிந்தது. அங்கே மூங்கில் கூடைகளைக் கட்டி, காய்ந்த புல்லை அடைத்தது. ஒவ்வொரு குட்டிக்கும் கொடியால் ஒரு வார் பின்னியது. சிதறியவற்றுக்குப் பதில் வேறு பழங்களைத் தேடி வைத்து, திரும்பவும் மோதிப் பார்த்தன. கூடைகள் நசுங்கின, எட்டுப் பழங்கள் தப்பின. கடைசி வரிசையில் ஒன்று பிளந்திருந்தது.

"ஒன்றுதானே!" என்றது அப்பா பன்றி.

"அந்த ஒன்று எந்தக் குட்டி?" என்று கேட்டது அம்மா பன்றி.

கரடி கடைசி வரிசை வார்களை இறுக்கிக் கட்டியது. நசுங்கிய கூடைகளையும் பிளந்த பழத்தையும் மாற்றியது. மூன்றாம் முறை ஒன்பது பழங்களும் தப்பின. முகப்பில் புதுக் கூடைகளைக் கட்டிய பிறகே பயணம் தொடங்கியது.

உச்சி வரை வண்டி நன்றாகவே ஏறியது. இறக்கத்தில் பன்றிகளும் துணைக்கு வந்த கரடியும் பின்னாலிருந்து கயிற்றை இழுத்துப் பிடித்தன. பாதி வழியில் சரளைக்கல்லில் மூன்றுக்கும் கால் சறுக்கியது. கயிறு நழுவியது. வண்டி தடதடவென்று ஓடி ஒரு மருத மரத்தில் மோதி நின்றது.

அம்மா பன்றி அலறிக்கொண்டு ஓடியது. முகப்பு முழுதும் சப்பளிந்து கிடந்தது. உள்ளே ஒன்பது குட்டிகளும் வாரில் தொங்கியபடி வீறிட்டுக் கத்தின. ஒன்றுக்கு மூக்கு வீங்கியிருந்தது. அவ்வளவுதான்! அம்மா பன்றி ஒவ்வொன்றையும் நக்கிப் பார்த்தது. எண்ணியது, மறுபடியும் எண்ணியது.

"அருமையான வண்டி போச்சே, அண்ணே!" என்றது அப்பா பன்றி.

கரடி நசுங்கிய கூடைகளைப் பார்த்துச் சிரித்தது. "போகட்டும்! நசுங்குவதற்காகத்தானே கட்டினேன்." பிறகு வண்டியை மெல்ல இறக்கி, குட்டிகளோடு ஓடைக்குப் போய்ச் சேர்ந்தன.

உள்ளே இருப்பவர்களைக் காப்பதுதான் வண்டியின் உறுதி. உயிரை ஏற்றும் முன்பே அதைச் சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.