அசனத்துக்குப் போன கிடா

செம்மணல் தேரிக்காட்டு ஓரத்து ஊர் ஒன்றில் நடந்தது இது. முழுக்கக் கேளுங்கள், தீர்ப்பு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வேதமாணிக்கத்துக்கு எட்டுப் பிள்ளைகள். கோடை விடுமுறை விட்டுவிட்டால், வெளியூரில் இருப்பவர்களும் பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்கிவிடுவார்கள். வீடு கொள்ளாது. காலையில் பெரிய பானை நிறையக் கஞ்சி, மத்தியானம் வேப்பமரத்தடியில் நுங்கு, பொழுது சாய்ந்ததும் முற்றத்தில் பாய் விரித்துக் குடும்ப ஜெபம். அத்தனை பேருக்கும் வடித்துக் கொட்டுகிறவள் ஆறாவது பிள்ளை எமிமாள். இன்னும் கல்யாணம் ஆகாதவள்.

முந்தின வருஷம் அம்மா மஞ்சள்காமாலையில் விழுந்து, டாக்டரே கைவிரித்தபோது, எமிமாள் ஒரு பொருத்தனை செய்தாள். அம்மா எழுந்து நடமாடினால், கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையில் ஊர் மொத்தமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனத்துக்கு ஓர் ஆடு கொடுப்பதாக. அம்மா எழுந்துவிட்டாள். எமிமாள் ஒரு கறுப்புக் குட்டியைப் பிடித்து, வெயிலென்று பாராமல் உடைமரத்தடியில் உடங்காய் பொறுக்கிப் போட்டு வளர்த்தாள். அது கோயிலுக்கு நேர்ந்த ஆடு என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

மூத்தவன் கிதியோனுக்கும் தெரியும். ஆனாலும் பண்டிகை நெருங்கி வந்த ஒரு நாள், டவுனிலிருந்து அவனுடைய கூட்டாளிகள் காரில் வந்து இறங்கினார்கள். உடங்காய்ச் சாக்கோடு எமிமாள் வீடு திரும்பியபோது, வேப்பங்கிளையில் ஆடு உரிபட்டுத் தொங்கியது.

"அண்ணே, இது கோயிலுக்கு நேர்ந்த ஆடுல்லா?"

"இப்ப என்னட்டி கெட்டுப்போச்சு? வேற வாங்கித் தாரேன். போய் மசாலா அரை, ஆளுக காத்திருக்காவ."

எமிமாள் அப்பாவைப் பார்த்தாள். வேதமாணிக்கம் கையிலிருந்த வேதப்புத்தகத்தை மூடினார். "வந்தவங்களுக்குச் சோறு போடணும்லா" என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவள் மசாலா அரைத்தாள். அழவில்லை. குழவி போய்வரும் ஒவ்வொரு தடவையும் 'இருக்கட்டும், இருக்கட்டும்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

வேறு ஆடு வரவில்லை. கேட்டபோதெல்லாம் கிதியோன் சிரித்தான். "ஆண்டவருக்கு ஆட்டுக்கறி இல்லாமத் தொண்டையில எறங்காதோ?"

அவனிடம் ஒரு முட்டுக்கிடா இருந்தது. பக்கத்து ஊர்க் கிடாக்களையெல்லாம் முட்டி விரட்டியது. கொம்புக்கு எண்ணெய் தடவி, கொண்டைக்கடலை ஊறவைத்துக் கொடுத்து, பெற்ற பிள்ளையைப்போல் வளர்த்தான். தொழுவத்துக்குப் பூட்டுகூட உண்டு.

பண்டிகைக்கு முந்தின நாள் அவன் வேலையாக டவுனுக்குக் கிளம்பினான். மறுநாள் அசனத்துக்கு வந்துவிடுவதாகச் சொன்னான். அவன் பஸ் ஏறியதும் எமிமாள், தொழுவத்துச் சாவியை வைத்திருந்த அவன் பெண்சாதி பேர்சிஸிடம் போனாள்.

"மயினி, சாவி குடுங்க."

பேர்சிஸுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "எமிமா, இது உன் ஆடு இல்ல."

"அன்னைக்கு அறுத்தது மட்டும் அவன் ஆடா?"

"அன்னைக்கு என் கண் முன்னாலதான் குட்டியை இழுத்துட்டுப் போனாவ. நான் ஒரு வார்த்தை பேசலை" என்ற பேர்சிஸ், இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

எமிமாள் கிடாவைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அந்தக் கிடாவைத் தெரியாதவர் ஊரில் இல்லை. கோயில் உபதேசியாருக்குச் சந்தேகம் வந்து, வேதமாணிக்கத்திடம் ஆள் அனுப்பிக் கேட்டார். பெரியவர், "எங்க வீட்டுக் கிடாதான். அறுக்கச் சொல்லுங்க" என்றார்.

மறுநாள் பஸ்ஸிலிருந்து இறங்கிய கிதியோன் நேராகக் கோயிலுக்கு வந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் பந்தியில் உட்கார்ந்தான். கறி வாளியை எமிமாளே வாங்கிக்கொண்டாள். அண்ணன் இலைக்கு வந்ததும் அடியிலிருந்து நல்ல துண்டாகப் பார்த்து அள்ளி வைத்தாள். அவன் ரசித்துச் சாப்பிட்டான். மறுபடியும் கேட்டான். மறுபடியும் வைத்தாள்.

"கொஞ்சம் முத்தல்தான். ஆனா நல்ல ருசி. யாரு குடுத்த ஆடுட்டி?"

"நீ வாங்கித் தாரேன்னு சொன்ன ஆடுதான், அண்ணே."

அவனுக்குப் புரியவில்லை.

"கொம்புக்கு எண்ணெய் தடவி வளர்த்தியே, அது."

கிதியோனின் கை இலைமேல் அப்படியே நின்றது. வாயிலிருந்ததை விழுங்கவும் முடியவில்லை. ஊர் பார்க்கத் துப்பவும் முடியவில்லை. அந்த முகத்துக்காகத்தான் எமிமாள் காத்திருந்தாள். வாளியைக் கீழே வைக்காமல் நின்று, கண் நிறையப் பார்த்தாள்.

"யாரு தொழுவத்தைத் தொறந்தது?" என்று கத்திக்கொண்டு எழுந்தான்.

வேதமாணிக்கம் இலையைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. எமிமாளும் வாயைத் திறக்கவில்லை. பெண்கள் பந்தியிலிருந்து பேர்சிஸ் எழுந்து நின்றாள்.

"சாவி நான்தான் குடுத்தேன். எதுக்குன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன்."

இப்போது சொல்லுங்கள். கிடாவைக் கொண்டுபோன எமிமாள், சாவி கொடுத்த பேர்சிஸ், அறுக்கச் சொன்ன வேதமாணிக்கம் ஆகிய மூவரில் யார் செய்தது சரி?

விடை: பெரியவர் செய்தது சரியில்லை. மகனைக் கண்டிக்க வேண்டிய நாளில் வாயை மூடிக்கொண்டு, பிறகு பாதி உண்மையை வைத்துத் தப்பித்துக்கொண்டார். எமிமாளின் கோபம் நியாயமானது. ஆனால் பொருத்தனை என்பது தன்னுடையதைக் கொடுப்பது. அவள் கொடுத்தது அடுத்தவன் கிடாவை. அதற்குப் பெயர் பழிவாங்கல். பேர்சிஸ் கொடுத்த சாவியும் குற்றம்தான். ஆனாலும் வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று தெரிந்தும், யார் திறந்தது என்று கேட்டதும் தான் செய்ததைத் தன் வாயால், புருஷன் முகத்துக்கு நேரே சொன்னவள் அவள் ஒருத்திதான். சரி என்று எதையாவது சொல்வதானால் அதைத்தான் சொல்ல வேண்டும். எமிமாளிடம் இதைச் சொன்னபோது மறுக்கவில்லை. "தப்புதான். ஆனா அந்த மூஞ்சியைப் பார்த்தேன்லா, அது போதும்" என்றாள். பொருத்தனை இன்னும் பாக்கி என்று அவளுக்கே தெரியும். அடுத்த பண்டிகைக்கென்று இன்னொரு குட்டி வளர்க்கிறாள். கிதியோன் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.