மாடத்துச் சோப்புத் துண்டு

ஜெபக்கனி என்று ஒரு சோப்புக்காரி இருந்தாள். அவளிடம் ஒரு மரத்துடுப்பு இருந்தது. தன் கைவரிசையால்தான் எண்ணெயும் சோடாக்காரம் கரைத்த காரத்தண்ணீரும் சோப்பாகின்றன என்று அதற்கு வெகுநாளாக ஒரு நினைப்பு.

ஒரு நாள் காலை அண்டாவில் தேங்காயெண்ணெயை ஊற்றி, காரத்தண்ணீரையும் விட்டாள். போன முறை செய்த சோப்பில் ஒரு துண்டைச் சீவிப் போடுவது அவள் வழக்கம். அன்றைக்கு அவசரத்தில் மறந்துவிட்டாள்.

எண்ணெய் மேலே போய் உட்கார்ந்துகொண்டது. காரம் அடியில் தங்கியது. இரண்டும் தொட்டுக்கொண்ட இடத்தில் மட்டும் நூல் கனத்துக்குச் சோப்பு பிறந்தது. துடுப்பு சுற்றிச் சுற்றி வந்து ஓய்ந்ததுதான் மிச்சம்; கை நின்றதும் இரண்டும் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டன. கேட்டால், எண்ணெய் பக்கத்தில் வந்தால்தானே வேலை செய்ய என்றது காரம். எண்ணெயும் காரத்தைப் பற்றி அதையேதான் சொன்னது. பாவம், யார் மேலும் தப்பில்லை.

"மத்தியானத்துக்குள்ள இறுகலன்னா சாக்கடையில கொட்டிர வேண்டியதுதான்" என்றபடி ஜெபக்கனி துடுப்பைச் சுவரில் சாய்த்தாள்.

"துடுப்பண்ணே, என்னை உள்ள தள்ளிவிடுங்க" என்றது சுவர் மாடத்தில் கிடந்த, போன முறை செய்த சோப்புத் துண்டு.

"நீ எண்ணெய் கட்சியா, தண்ணி கட்சியா?"

"ரெண்டு வீட்லயும் எனக்குச் சோறு உண்டு."

"போனா கரைஞ்சிருவியே."

"கரையத்தானே போறேன்."

துடுப்பு சுவரோரம் சரிந்து மாடத்தில் இடித்தது. துண்டு ஜெபக்கனியின் காலடியில் விழுந்தது. மறந்ததற்குத் தலையில் அடித்துக்கொண்டு, அவள் அதைச் சீவிப் போட்டுத் துடுப்பால் கிண்டினாள்.

கரைந்த சோப்பு ஒரு கையால் எண்ணெயையும் மறு கையால் தண்ணீரையும் பிடித்துக்கொண்டது. எண்ணெய் பொடிப்பொடித் துளிகளாக உடைந்தது; ஒவ்வொரு துளியையும் காரம் சுற்றி வளைத்தது. தொடும் இடம் ஆயிரம் மடங்கானது. பிறந்த சோப்பெல்லாம் பிறந்த கையோடு அதே வேலையில் இறங்கியது. காலையெல்லாம் நடக்காதது கொஞ்ச நேரத்தில் நடந்தது. அண்டா கெட்டிப்பட்டு, துடுப்பு போன தடம் மேலே அழியாமல் நின்றது. துடுப்பு அசந்துபோயிற்று. இத்தனை சின்ன உடம்புக்குள் எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டது.

மறுநாள் சோப்பு வில்லை வில்லையாக அறுபட்டது. துடுப்பு ஒவ்வொன்றிலும் அந்தத் துண்டைத் தேடியது. தனியாக எங்கும் தெரியவில்லை. ஜெபக்கனி ஒரு வில்லையை எடுத்து மாடத்தில் வைத்தாள். அடுத்த அண்டாவில் கரைவதற்கு அது.

பயமாக இல்லையா என்று துடுப்பு அதனிடம் மெல்லக் கேட்டது.

"என்ன பயம் துடுப்பண்ணே? நேத்து போனதும் நான்தானே."