இடது கைக்காரன் வேண்டும்

“ஒரே ஒரு இடது கைப் பவுலர் இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம், எமில்டா!”

தோற்ற நாளெல்லாம் என் வீட்டுக்காரர் சொல்லும் வாக்கியம் இது. நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன், இடது கையால். கான்வென்ட்டில் சிஸ்டர் ஸ்கேலால் தட்டித் தட்டி என் எழுத்தை வலது கைக்கு மாற்றினார். கத்திவரை அவர் வரவில்லை.

எங்கள் நகர் கிரிக்கெட் அணிக்கு இவர்தான் கேப்டன். அடுத்த ஞாயிறு பக்கத்துக் காலனியிடம் தோற்றால் மைதானம் அவர்களுக்கு. நம் வீரர்கள் என் அடுக்களை ஜன்னலுக்குக் கீழே சந்தில் ஆட வேண்டியதுதான். கண்ணாடியை நினைத்து நானும் கவலைப்பட்டேன்.

ஸ்டீபன் வாத்தியார் யோசனை சொன்னார்: “ஒரு இடது கைக்காரனைப் பிடிச்சு வைங்க. முதல் பவுலர் களைச்ச பிறகு இறக்குங்க.”

பிடிக்கப் போனார்கள், கல்யாண வீட்டுக்கு. யார் இடது கையால் சாப்பிடுகிறார்கள் என்று பந்தி பந்தியாக நின்று பார்த்தார்கள். நம் ஊர்ப் பந்தியில் எவன் இடது கையை இலையில் வைப்பான்?

“நம்ம ஊர்ல இடது கைக்காரனே பிறக்கல, அண்ணாச்சி” என்றான் பொன்னுதுரை. அணியின் முதல் பவுலர் அவன்தான்.

கடைசிப் பந்தியில் சிங்கராயன் அகப்பட்டான். இடது கையில் ஸ்பூன், வலது கையில் மாவுக்கட்டு. பாயசம் வருமுன் தூக்கி வந்துவிட்டார்கள்.

போட்டியன்று காலை அவன் கட்டில்லாமல் வந்து நின்றான்.

“யாரைக் கேட்டுலே பிரிச்ச?”

“டாக்டர்தான் அண்ணாச்சி, குணமாயிட்டுன்னு...”

“இடது கைக்காரன்னு நம்பிப் பேர் குடுத்திருக்கோம். நீ பாட்டுக்குக் குணமாயிட்டு வந்து நிக்க!”

என் புது மேசைவிரிப்பைக் கிழித்து மறுபடி கட்டினார்கள்.

பொன்னுதுரை போட்ட பந்தெல்லாம் எல்லைக்கு வெளியே போனது.

“களைப்பா இருக்காலே?”

“இல்ல அண்ணாச்சி. பந்தைத் தேடி எடுத்துட்டு வாரதுக்குள்ள நல்ல ஓய்வு கிடைக்கு.”

வாத்தியார் சொல்லை மீறலாமா? அவன் களைக்கட்டும் என்று மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார்கள். தனியே ஓடினால் பாவம் என்று மற்றவர்களும் கூட ஓடினார்கள். அவர்கள் எல்லோரும் களைத்தார்கள். அவன் களைக்கவில்லை.

ஒரு பந்து, எல்லையோரம் நான் உட்கார்ந்து பார்த்த நாற்காலிக்கு அடியில் வந்து நின்றது. எடுத்து எறிந்தேன். நடு ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு போய் விழுந்தது. மைதானமே வாய் பிளந்தது. இவர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“நாலு பேர் பாக்குற இடத்துல இடது கையாலயா குடுப்ப, எமில்டா?”

பந்தை என் வலது கையில் வைத்து, முறைப்படி திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

தோற்றோம். சிங்கராயன் ஒரு பந்துகூடப் போடவில்லை.

மறுநாள் சந்தில் ஆலோசனை. கண்ணாடி காலையிலேயே போய்விட்டதால் பேச்சு தெளிவாகக் கேட்டது.

“ஒரு இடது கைக்காரன் பத்தல” என்றார் இவர். “ரெண்டு பேர் வேணும்.”

“இன்னொருத்தனுக்கு எங்க போக, அண்ணாச்சி?”

வெகுநேரம் யோசித்தார்கள். பிறகு எல்லோருமாகப் பொன்னுதுரையின் வலது கையைப் பார்த்தார்கள். அணிக்காக எதுவும் செய்கிற பிள்ளை. சந்தில் கிடந்த துவைக்கிற கல்லின்மேல் அந்தக் கையை நீட்டி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்து அண்ணாந்தான்.

“மதினி, அந்த அம்மிக்குழவியைக் கொஞ்சம் குடுங்க. வலது கையால குடுங்க.”