தேரி மணலும் ஊறுகாய் ஜாடியும்

நேசமலர் டீச்சருக்கு வயது முப்பத்தாறு. அவரிடம் சிற்பம் கற்றுக்கொள்ள வந்த தவசிமுத்து, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வயசு வித்தியாசத்தை இரண்டு பேருமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பட்டறை தேரிக்காட்டு ஓரத்தில் இருந்தது. வாசலைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டும் மட்டும் சிவப்பு மணல்மேடுகள். அந்த மணலையே பசையில் குழைத்து ஒரு பெரிய பலகை முழுக்க அப்பியிருந்தார் தவசிமுத்து. மேலே துருப்பிடித்த கப்பல் தகடு, பனந்தும்பு நார், இற்றுப்போன வடக்கயிறு. மண்ணைத் தோண்டி அப்போதுதான் வெளியே எடுத்ததுபோல இருந்தது. நடுவில் மட்டும் ஒரு குழி.

சாயங்காலம் சென்னைக் கண்காட்சிக்கு லாரி வருகிறது. மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுத்தியலை எடுப்பார், வைப்பார், வாசல்வரை போவார், திரும்பி வருவார். பார்க்கிறவனுக்கே தலை சுற்றும்.

"இந்த ஊறுகாய் ஜாடியை உடைச்சு, சில்லுகளைக் குழியில பதிக்கணும், டீச்சர். சொர்ணத்தோட ஜாடி."

சொர்ணம் அவர் மனைவி. போன பங்குனியில் தவறிப்போனாள்.

"உடைங்க அண்ணாச்சி."

"கை வரமாட்டேங்குது. கடையில வேற ஜாடி வாங்கி உடைச்சா ஆகாதா?"

"ஆகும். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே!"

"அப்போ இதையே உடைங்க."

"முடியலன்னுதான சொல்லுதேன்!" என்று கத்தியே விட்டார். கத்திவிட்டு அவரே பயந்துபோய் நின்றார்.

டீச்சர் ஜாடியைத் தூக்கி லேசாக ஆட்டினார். "உள்ள என்ன கிடக்கு?"

தவசிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எலுமிச்சங்கா. அவ கடைசியாப் போட்டது. அடியில கொஞ்சம் இருக்கு. நான் தொடல."

டீச்சர் ஜாடியைப் பதமாகக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "முன்னாடி ஒரு அகழாய்வுல உட்கார்ந்து பானை பானையாப் படம் வரைஞ்சேன். ஒரு முதுமக்கள் தாழிக்குள்ள உமி இருந்துச்சு. செத்தவருக்குன்னு யாரோ ஆசையா நெல்லு வச்சிருக்காங்க. நாங்க சுத்தி நின்னு போட்டோவா எடுத்துத் தள்ளினோம்."

"சரி, அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கல."

சொல்லிக்கொண்டே தூக்குச்சட்டியைத் திறந்தார். மோர்ச்சோறு. பாதியை மூடியில் வைத்து அவர் பக்கம் தள்ளினார். ஜாடியின் வாய்த்துணியை அவிழ்த்துக் கரண்டியை உள்ளே விட்டார்.

"ஐயோ, என்ன செய்யுதீங்க டீச்சர்!" தவசிமுத்து பாய்ந்து வந்து ஜாடியைப் பிடித்தார். "அது தீர்ந்துபோகும்!"

"ஆமா."

"தீர்ந்துட்டா அவ கைப்பக்குவத்துக்கு நான் எங்க போவேன்?"

டீச்சர் கரண்டியை வெளியே எடுக்கவில்லை. தவசிமுத்துவின் கை ஜாடியை இன்னும் இறுக்கிப் பிடித்தது. பிறகு தானாகவே விட்டது. டீச்சர் கருத்துப்போன ஒரு துண்டை அவர் சோற்றில் வைத்தார். தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

"உப்பு தூக்கலா இருக்கு அண்ணாச்சி."

"அவ எப்பவும் அப்படித்தான். சொன்னாக் கேட்கவே மாட்டா," என்றார் தவசிமுத்து. சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே பிசைந்தார், அழுதுகொண்டே சாப்பிட்டார். இன்னொரு துண்டை அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார். வழித்து வழித்துக் கடைசியில் ஜாடி காலியாகிவிட்டது. அதை உடைக்காமல் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

லாரி வந்து நின்றது. சுமை ஏற்றுகிறவர் பலகையைச் சுற்றி வந்து பார்த்தார்.

"அக்கா, நடுவுல குழியாக் கிடக்கே. எதுவும் கழண்டு விழுந்துட்டுதா? பெறகு எங்களைச் சொல்லாதீங்க."

தவசிமுத்து டீச்சரைப் பார்த்தார்.

"விழல தம்பி," என்றார் டீச்சர். "அதுல வர வேண்டியதை நாங்க சாப்பிட்டுட்டோம்."