நொச்சியை வெட்டச் சொன்ன மூக்கு

மழைக்குப் பேர்போன மாங்கரை நாட்டை முன்னொரு காலத்தில் உத்தண்டபூபதி என்றொரு ராஜா ஆண்டு வந்தான். சந்தோஷம் வந்தால் பல்லக்கு கொடுப்பான், கோபம் வந்தால் சாட்டையை எடுப்பான். ஓர் ஐப்பசியில் அவனுக்கு ஜலதோஷம் பிடித்து மூக்கு கல்லாய் அடைத்துக்கொண்டது.

ஆற்றங்கரை நெடுக நொச்சி வேலி போட்டவர் மந்திரி குணபாலர். சளி பிடித்தால் ஜனங்கள் அந்த இலையைக் கொதிக்கவைத்து, போர்வைக்குள் ஆவி பிடிப்பார்கள். மந்திரிக்குக் கிடைத்த நல்ல பேர் சபை அதிகாரி சிங்கராயருக்குப் பொறுக்கவில்லை.

"மகாராஜா, நொச்சி நாற்றம்தான் தங்கள் மூக்கைக் கெடுத்தது" என்று ஓதினார்.

"ஆமாம், எனக்கும் நாறுகிறது! வெட்டித் தள்ளு! இனி இலை பறிப்பவனுக்குச் சாட்டையடி!"

வேலி விழுந்தது. சளியில் மூச்சுத் திணறிய புருஷனுக்காக ஒரு கொத்து ஒடித்த சடைச்சியின் முதுகில் சாட்டை விழுந்தது. அவள் சேலையில் ரத்தத்தைப் பார்த்த மந்திரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சபையில் கத்தினால் தன் தலைதான் போகும், சாட்டை நிற்காது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

மறுநாள் ஒரு வெள்ளிப் பேழையோடு சபைக்கு வந்தார்.

"மகாராஜா, புதுத் தாழம்பூ. முகர்ந்து பாருங்கள்."

மூடி இடுக்கில் கசிந்த வாடைக்கே சபையில் ஆளாளுக்கு மேல்துண்டால் மூக்கைப் பொத்தினார்கள். ராஜா மூக்கை உறிஞ்சி, "ஆகா!" என்றான்.

"என்ன மணம்! சபையே கமகமக்கிறது!" என்றார் சிங்கராயர், கண்ணில் நீர் வழிய.

மந்திரி மூடியைத் திறந்தார். உள்ளே மத்திக் கருவாடு.

ராஜா துள்ளி எழுந்தான். "என்னையே ஏமாற்றினாயா?"

"ஏமாற்றியவர் பக்கத்தில் நிற்கிறார்! கருவாடே தெரியாத மூக்குக்கு நொச்சி மட்டும் எப்படி நாறியது? இவர் சொன்னார், நீங்களும் நாறுகிறது என்றீர்கள், ஒருத்தியின் முதுகு கிழிந்தது!"

ராஜா கருவாட்டை எடுத்து மூக்கில் வைத்து உறிஞ்சினான்; ஒரு வாடையும் தெரியவில்லை. பிறகு வெட்டிப்போட்ட நொச்சியையே அள்ளிவரச் சொல்லி ஆவி பிடித்தான். நாலு தும்மலில் மூக்கு திறந்தது.

"மந்திரி, என்ன பரிசு வேண்டும்?"

"என் கோபம் இன்னும் ஆறவில்லை. பரிசை அடிபட்டவளிடம் கேளுங்கள்."

சிங்கராயர் தன் கையாலேயே கரை முழுக்க நொச்சிக் கிளைகளைப் போத்தாக நறுக்கி நட வேண்டும் என்று உத்தரவாயிற்று. ராஜா சடைச்சியின் குடிசைக்கு நடந்தே போய், "என்ன வேண்டும், கேள்" என்றான்.

அவள் எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணும் வேண்டாம் ராசா. அடுத்த தடவை நீங்களே முகர்ந்து பார்த்துட்டு உத்தரவு போடுங்க."