அட்டைக்கு ஒரு பெயர்

ஹபீப் சாரிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தபோது அமலோற்பவம் டீச்சருக்கு நாற்பத்தொன்பது வயது. சாருக்கு முப்பத்தெட்டு. டீச்சர் பள்ளியில் அறிவியல் நடத்திக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமைகளில் பாம்பன் கரைக்குப் போய், வலையில் வந்த திருக்கை மீன்களின் செவுளைப் புரட்டிப் புரட்டி, அங்கே ஒட்டி ரத்தம் உறிஞ்சும் அட்டை தேடினார்.

கிடைத்தது. அதுவரை யாரும் எழுதி வைக்காத இனம். ஏழு மாதம் அளந்தார், வரைந்தார், எழுதினார். பெயர் வைப்பது மட்டும்தான் பாக்கி.

ஒரு நாள் காலையில் தாளைக் கொண்டுவந்து சாரின் மேசையில் வைத்தார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘அருமைராஜி’ என்று இருந்தது.

“யாரு டீச்சர் இது?”

“எங்க ஹெட்மாஸ்டர் அருமைராஜ், சார். லத்தீன் முறைப்படி கடைசியில ஒரு ‘இ’ சேத்திருக்கேன்.”

“அவர் மேல அவ்வளவு மரியாதையா?”

“மரியாதையா! மூணு வருஷமா லீவு தராம இழுத்தடிச்சவரு. ‘அட்டை பிடிக்கப் போறதுக்கெல்லாம் லீவா’ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுச் சிரிச்சவரு. ரத்தம் உறிஞ்சுற ஜென்மத்துக்கு அவர் பேருதான் பொருத்தம்.”

சார் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை.

“அச்சுல வந்துட்டா மாத்த முடியாது. நம்ம காலத்துக்கு அப்புறமும் இதே பேருதான்.”

“அதுக்குத்தானே சார் வைக்கிறேன்.”

சார் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

“இந்த அட்டையைப் பார்க்காத ஒருத்தர்கிட்ட சொல்ற மாதிரி எனக்குச் சொல்லுங்க. எப்படி இருக்கும்?”

“சுண்டுவிரல் நகத்தளவுதான் சார் இருக்கும். செவுள்லேருந்து எடுத்துக் கடல்தண்ணியில விட்டேனா, ரிப்பன் மாதிரி நெளிஞ்சு நீந்துச்சு பாருங்க! ஆரஞ்சுத் தோல் நிறம். பின்னால ஒட்டிக்கிற வட்டம் இருக்கே, அதைச் சுத்திப் பத்துக் கண்ணு. மை வெச்ச மாதிரி கருப்புப் புள்ளி. பின்பக்கம் கண்ணு சார்! முதல்ல பார்த்தன்னிக்கு நான் சாப்பிடக்கூட எந்திரிக்கல...”

சொல்லச் சொல்ல டீச்சரின் கை காற்றில் நெளிந்து காட்டியது. முகமெல்லாம் சிரிப்பு. சார் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார்.

பிறகு தாளை எடுத்து டீச்சரிடமே நீட்டினார்.

“லீவு தராதது அவரு. இந்த அட்டை உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சுது டீச்சர்?”

டீச்சர் தாளை வாங்கிக்கொண்டார். பேனாவைத் திறந்து ‘அருமைராஜி’ மேல் ஒரு கோடு இழுத்தார்.