திரைக்கயிறு பிடித்த ஆவுடையப்பர்

சிவன் கோயிலில் திரை இழுப்பது ஆவுடையப்பருடைய தொண்டு. அலங்காரம் முடியும்வரை கருவறை வாசல் மூடியிருக்கும். மணி அடித்ததும் கயிற்றை இழுப்பார். ஊரே இறைவனைக் காணும். அவர் மட்டும் காணமாட்டார். கயிறு இருந்த இடம் தூண் மறைவு. கற்பூர வெளிச்சம் எதிர்ச்சுவரில் ஆடுவதைப் பார்த்து, ஒற்றைக் கையால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். மறு கையில் கயிறு.

அறங்காவலர் பரமகல்யாணம் வந்து சேராமல் அந்தத் திரை விலகாது. அவர் குளித்து, காபி குடித்து, எந்த உருத்திராட்சம் மார்புக்கு எடுப்பு என்று முடிவுசெய்து வரும்வரை, உலகைப் படைத்தவர் உள்ளே நின்றுகொண்டிருப்பார். அவருக்கும் பழகிவிட்டது.

ஆவுடையப்பரின் மகள் உலகம்மைக்குப் பிறவியிலேயே பேச்சில்லை. தாயும் இல்லை. ஓரிடத்தில் நில்லாத உடம்பு. பிறர் கை பட்டால் அலறுவாள். ஆனால் திரை மூடினால் மட்டும் கல்லாகிவிடுவாள். பக்தர்கள் கொட்டாவி விட்டாலும் அவள் அசையமாட்டாள், மணி அடிக்கும்வரை.

"ஏ ஆவுடை, ஊருக்கே சாமியத் தெறந்து காட்டுதியே, ஒம் மவ வாயத் தெறக்க அந்தச் சாமிக்கு ஏலலியா?" என்பார் அறங்காவலர். சுற்றி நின்றவர்கள் சிரிப்பார்கள். சிரிக்காதவர்களுக்குச் சுண்டல் குறையும்.

"அவரு தெறக்கும்போது தெறக்கட்டும், மொதலாளி."

அந்த ஐப்பசியில் உலகம்மைக்குக் காய்ச்சல் தலைக்கேறியது. கழுத்து விறைத்தது. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"முதுகுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பாத்தாத்தான் சரியான மருந்து குடுக்க முடியும்," என்றார் மருத்துவர் அம்மா. "மயக்கமும் குடுக்க முடியாது. போன தடவ அதுலதான மூச்சு நின்னுச்சு? அசையாமப் படுக்கணும்."

நான்கு பேர் அழுத்திப் பிடித்தார்கள். நர்சைக் கடித்தாள். ஊசி வளைந்தது. மறுபடி பிடித்தார்கள்; அலறி அலறிக் குரலே போயிற்று.

"லேட்டானா பிள்ள கெடைக்காதுங்க," என்றார் மருத்துவர்.

ஆவுடையப்பர் சுவரில் தலையை முட்டினார். 'ஈசனே, ஒம் மொகத்தக் காட்டுன்னு ஒருநாளும் கேக்கல. இவள மட்டும் எடுத்துக்கிடாத.'

வேடிக்கை பார்த்தவர்களை மறைக்க நர்ஸ் கட்டிலின் பச்சைத் திரையைச் சரக்கென்று இழுத்தாள். உலகம்மை ஒரு கணம் அடங்கினாள். அவர் துள்ளி எழுந்தார்.

"யம்மா, எல்லாரும் கைய எடுங்க! திரைய நான் மூடுதேன்."

மகளைத் திரையைப் பார்க்க ஒருக்களித்துப் படுக்கவைத்து, வெளியே வந்து, மெல்ல மூடினார். உள்ளே அவள் முதுகுப் பக்கம் மருத்துவர். இவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வழக்கம்போல.

ஒரு முனகல் கேட்டது. திரையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"பொறு தாயி," என்றார். "மொதலாளி இன்னும் வரல."

முனகல் நின்றது. நீர் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்குமாம். "வரல தாயி... இன்னும் வரல..."

"எடுத்தாச்சு!" என்றார் மருத்துவர்.

"மணி அடிங்கம்மா!"

நர்ஸ் எவர்சில்வர் தட்டில் கத்தரிக்கோலால் தட்டி, உள்ளிருந்தே திரையை விலக்கினாள். விலகும் திரைக்கு எதிரே ஆவுடையப்பர் நின்றது அன்றுதான். உலகம்மை அவரையே பார்த்து, இரு கைகளையும் தலைக்குமேல் குவித்தாள்.

யாரைக் கும்பிடுகிறாள் என்று அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் வெறும் சுவர்தான்.

உரிய மருந்து கிடைத்தது, பிள்ளை பிழைத்தாள். தன்னைக் காட்டத் திரை பிடித்தவரையே இறைவன் காட்டித் தந்த கதை இது. அந்தக் கைகளுக்கு நம் வணக்கம். ஒரு குழந்தைக்குக் காத்திருக்கக் கற்றுத்தந்த அறங்காவலரின் தாமதத்துக்கும், வேறு வழியில்லை, ஒரு சின்ன வணக்கம்.